கட்டத்துக்கு அடியில் போன வரி

எழுத்து ஓடிப்போவது எந்த டிராயிங் ஆபீசிலும் நடக்கிற காரியம்தான் சார். ஒரு கம்ப்யூட்டரில் லட்சணமாக உட்கார்ந்திருக்கும். அதே டிராயிங்கை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் சில எழுத்து கேள்விக்குறியாக நிற்கும், சிலது ஊதிப்போயிருக்கும், சிலது ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் டிராயிங்கே கெட்டுப்போய்விட்டதென்று பதறுவார்கள். நான் பதறியதே இல்லை. கையிலிருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்துபோய் அந்த எழுத்தின் மேல் ஒரு கிளிக் செய்து பார்ப்பேன். கண்ணுக்குத் தெரிவதை நம்பாதே, முதலில் எழுத்தைத் தொட்டுப் பார், அதன் கதையை அதுவே சொல்லும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றிவிட்டது.

நீங்கள் என்னைக் கூப்பிட்டதும் இதற்காகத்தான். நூலகக் கட்டடத்தின் முகப்புக் கூரை விழுந்ததை விசாரிக்கிறீர்கள். எங்கள் ஆபீசிலிருந்து போன டிராயிங்கின் ஓரத்தில் ஏழு குறிப்புகள் இருந்தன. சைட்டில் எடுத்த பிரிண்டில் ஆறுதான் இருக்கிறது. ஏழாவது எங்கே போனது என்பது உங்கள் கேள்வி. இதை விளக்க என்னை விட்டால் ஆள் இல்லை என்று ஆபீசில் எல்லோரும் சொன்னதாகச் சொன்னீர்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். மேஸ்திரியைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறீர்களே, அந்த மனிதரை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள். கண்ணில் பட்டதைத்தான் அவர் படித்தார். மற்றதை நான் பொறுமையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேட்டால் போதும்.

ஆபீசில் எனக்கு 'ஸ்கேல்' என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்கேல் இருக்கும். பிரிண்ட் எடுத்த தாளில் எழுத்தின் உயரத்தை வைத்து அளப்பேன். இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வெயிலில் நின்று படிக்கிற மேஸ்திரிக்குக் கண் பிடிக்காது. கூடினால் கோட்டின் மேல் ஏறி உட்காரும். இந்தக் கவலையெல்லாம் உலகத்தில் இவன் ஒருத்தனுக்குத்தான் என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். என் டிராயிங்கை வைத்துக்கொண்டு இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சைட்டிலிருந்து ஒருத்தரும் போன் செய்து கேட்டது கிடையாது.

ஆபீஸ் என் அத்தானுடையது. என் அக்காவின் கணவர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். கட்டடத்துக்கு எத்தனை கம்பி, எவ்வளவு கான்கிரீட் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. அதைத் தாளில் கொண்டுவருவது என் வேலை. ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் இரண்டே பேராக ஆரம்பித்தோம். மழை பெய்தால் ஒழுகும். கம்ப்யூட்டரை மூட அக்கா வீட்டிலிருந்து பெட்ஷீட் எடுத்துக்கொண்டு ஓடிவருவாள். எனக்கு வெளிநாட்டில் ஒரு நல்ல வேலை கிடைத்தது அந்தச் சமயத்தில்தான். அத்தான் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார்.

“இது நம்ம ரெண்டு பேர் ஆபீஸ் மாப்ள. இன்னிக்கு என் பேர்ல இருக்கு. ஒருநாள் உன் பேரும் சேந்து வரும், பாத்துக்கிட்டே இரு.”

பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அறை மாடியானது, மாடி கட்டடமானது, இரண்டு பேர் இருபது பேரானோம். பெயர் மட்டும் வரவில்லை. ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டேன். “பாக்கலாம் மாப்ள, எங்க போயிடப் போகுது” என்று சிரித்தார். அவர் சிரித்தால் எதிரே இருப்பவனுக்கும் சிரிப்பு வந்துவிடும். நானும் சிரித்துவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

அத்தான் நல்லவர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் இருந்த குறை ஒன்றுதான், நான் வரைந்ததை அவர் படிக்க மாட்டார். டிராயிங்கைக் கொண்டுபோய் வைத்தால் 'ஸ்கேல் பாத்துட்டானா' என்று என்னிடமே வேடிக்கையாகக் கேட்பார், அவ்வளவுதான். பார்த்துவிட்டேன் என்றால் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். பாதி நேரம் கண் வேறெங்கோ இருக்கும், கை மட்டும் போடும். அதைப் பெருமையாக நினைத்த காலமும் உண்டு.

சரி, எழுத்துக்கு வருகிறேன். எங்கள் டிராயிங்குக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருக்கிறேன். ஒல்லியான எழுத்து, இடத்தை அடைக்காது. அது எங்கள் கம்ப்யூட்டர்களில் மட்டும்தான் இருக்கிறது. இல்லாத கம்ப்யூட்டரில் டிராயிங்கைத் திறந்தால், சாப்ட்வேர் தன்னிடம் இருக்கிற ஏதோ ஒரு எழுத்தை எடுத்து அந்த இடத்தில் போட்டுவிடும். கேட்காது, சொல்லாது. அந்த எழுத்து அகலமாக இருந்தால் ஒரு வரி இரண்டு வரியாக மடங்கும். ஒல்லிக்காரன் எழுந்த இடத்தில் குண்டன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவன் நகரத்தானே வேண்டும். குறிப்பெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே கீழே இறங்கும். தாளின் கீழ் மூலையில் ஆபீஸ் பெயர், கையெழுத்து எல்லாம் உள்ள கட்டம் இருக்கிறதே, டைட்டில் பிளாக், அதற்குப் பின்னணியாக வெள்ளை நிறம் கொடுத்திருக்கும். இறங்கி வந்த வரி அந்த வெள்ளைக்கு அடியில் போய்விட்டால் பிரிண்டில் தெரியாது. டிராயிங்கில் இருக்கும், தாளில் இருக்காது. அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு வைத்தியம் ரொம்பச் சுலபம். டிராயிங்கோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பிவிட வேண்டும். எந்த டிராயிங் வெளியே போனாலும் நான் அனுப்புவேன். நூலக டிராயிங்கோடு அனுப்பவில்லை. நீங்கள் உடனே 'மறந்துவிட்டார்' என்று எழுதினீர்கள், நான் பார்த்தேன். மறந்தேன் என்று நான் சொல்லவில்லை சார். அனுப்பவில்லை என்றுதான் சொன்னேன்.

என் மனசு எந்த நிலையில் இருந்தது என்பதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

ஊரில் இன்னொரு பெரிய ஆபீஸ் இருக்கிறது. ஒரு அம்மா நடத்துகிறார், அவரும் இன்ஜினியர்தான், கெட்டிக்காரி. அத்தான் அடிக்கடி அங்கே போக ஆரம்பித்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ஆபீசும் ஒன்றாகப் போகிறது என்பதை வாசலில் போன் எடுக்கிற பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். “உங்களுக்குத் தெரியாதா சார்?” என்று அவள் கேட்டாள். தெரியும் என்று சொல்லி வைத்தேன். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். பேச்சை எடுத்தேன். அவள் திடீரென்று ஜன்னல் திரையைத் துவைக்க வேண்டும் என்றாள், கழற்ற ஆரம்பித்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது. கூடப் பிறந்தவளே மூடி மறைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? வீடு திரும்பும் வழியில் நடுத்தெருவில் நின்று அழ வேண்டும்போல இருந்தது, அழவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் அத்தான் புதிய டைட்டில் பிளாக்கை எனக்கு அனுப்பினார். அந்த அம்மாவின் ஆபீசில் செய்தது. கூடவே என் மேஜைக்கு வந்தார், முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு.

“இதுல எழுத்து சரியா உக்காரல மாப்ள. நீயே தொறந்து பாத்து சரி பண்ணு. வேற யார்கிட்டயும் குடுக்காத, நீயே பண்ணணும்.”

திறந்தேன். மேலே புதிய ஆபீசின் பெயர். அதன் கீழே பங்குதாரர்கள் என்று போட்டு முதலில் அத்தான் பெயர், இரண்டாவது அந்த அம்மாவின் பெயர். அதற்குக் கீழே ஆபீசின் சின்னம். முடிந்துவிட்டது. என் அத்தனை வருஷத்தையும் கறிவேப்பிலை மாதிரி பொறுக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, அந்தத் தட்டை என் கையிலேயே கொடுத்துக் கழுவச் சொல்கிறார். அதுவும் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் அந்தக் கோப்பை மூடினேன். சரி பண்ணவில்லை. அவர் இரண்டு தடவை வந்து 'பாத்தியா' என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். முகம் கொஞ்சம் வாடிப் போனார். வாடட்டும் என்று இருந்தேன்.

நூலக டிராயிங் என் மேஜைக்கு வந்தது அதே வாரம்.

முகப்புக் கூரை என்பது வாசலுக்கு முன்னால் தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிற கான்கிரீட் பலகை. அதன் பின்பக்கத்தை ஏதாவது ஒன்று அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் கவிழும். அத்தான் போட்ட கணக்கில் உள்ளே இருந்த மாடித்தளத்தோடு கூரையின் கம்பியைக் கோத்திருந்தார். பிறகு உள்ளே வெளிச்சம் வேண்டும் என்று அந்தத் தளத்தில் பெரிய திறப்பு கேட்டார்கள். கணக்கு மாறியது. புதிய கணக்கைப் போட்டது அந்த அம்மாவின் ஆபீஸ். கூரைக்குப் பின்னால் எழும்பும் சுவரின் பாரம்தான் இனி அதைப் பிடித்திருக்கும் என்று ஏற்பாடு. கூடவே ஒரு நிபந்தனை வந்தது. சுவர் முழு உயரத்துக்கு எழும்பும்வரை கூரையின் சென்ட்ரிங்கைப் பிரிக்கக் கூடாது. சென்ட்ரிங் என்றால் கான்கிரீட் போட அடியில் கொடுத்திருக்கும் பலகையும் முட்டுக் கம்புகளும். அத்தான் அதை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டு டிராயிங்கில் ஏற்றச் சொன்னார். அவர் அதைப் படித்தாரா என்று கேட்டீர்கள். படித்திருக்க மாட்டார். அவர் தலையில் பழைய கணக்குதான் இருந்தது. நான் இருக்கும்போது அவர் எதற்குப் படிக்க வேண்டும்?

நான் ஏற்றினேன். ஒரு எழுத்து விடவில்லை. கோப்பைத் திறந்து பாருங்கள், இன்றைக்கும் அந்தக் குறிப்பு அங்கே இருக்கிறது.

இங்கே ஒரு சின்னத் திருத்தம் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பை நான் முதலில் மூன்றாவதாகத்தான் போட்டிருந்தேன். பிறகு கடைசிக்கு நகர்த்தினேன். அதில் தப்பு சொல்ல முடியாது. கம்பி கட்டுவது முதலில், கான்கிரீட் போடுவது அடுத்து, சென்ட்ரிங் பிரிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. குறிப்பும் வேலை நடக்கிற வரிசையில் இருந்தால் சைட்டில் படிக்கச் சௌகரியம். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

குறிப்புகள் இருந்த பத்தியின் அகலத்தையும் ஒரு இழை குறைத்தேன். ஓரத்தில் இடைவெளி விட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும். எங்கள் கம்ப்யூட்டரில் அப்போதும் ஏழு குறிப்பும் கட்டத்துக்கு மேலேயே அழகாக நின்றன.

எங்கள் ஆபீசின் பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் எங்கள் எழுத்துரு இல்லை, வேண்டுமென்றே நான் போடவில்லை. வெளியே போகிற டிராயிங் வெளியாள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று அதில் திறந்து பார்ப்பது என் வழக்கம். நூலக டிராயிங்கையும் வழக்கம்போலத் திறந்து பார்த்தேன். எழுத்து குண்டானது, வரிகள் மடங்கின, எல்லாம் கீழே இறங்கின. ஆறாவது குறிப்பு கட்டத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஏழாவது உள்ளே போய்விட்டது. ஒரு பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஆறாவதுக்கும் கட்டத்துக்கும் நடுவே மயிரிழை வெள்ளை இருந்தது. இன்னும் ஏதோ இருக்க வேண்டும் என்று யாருக்கும் சந்தேகம் வராது, அவ்வளவு சுத்தம். அந்தப் பிரிண்டைக் கிழித்துப் போட்டேன். டிராயிங்கை அத்தானிடம் கொண்டுபோனேன். 'ஸ்கேல் பாத்துட்டானா' என்றார். பார்த்துவிட்டேன் என்றேன். அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் ஆபீசிலேயே இருந்தது, சைட்டுக்குக் கோப்பைத்தான் அனுப்பினேன்.

அதைச் சரி பண்ண எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் இப்போது தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள் சார். இத்தனை வருஷம் இந்த மாதிரி எத்தனை ஓட்டைகளை நான் சத்தமில்லாமல் அடைத்திருப்பேன்? ஒருத்தருக்காவது தெரியுமா? நான் ஒரே ஒரு தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அத்தான் பார்க்கட்டும் என்று நினைத்தேன். என் அருமை தெரியட்டும் என்றுதான்.

மேஸ்திரி எனக்குப் போன் செய்தார். நீங்கள் போன் விவரம் எடுத்துவிட்டீர்கள், அதனால் மறைக்க ஒன்றுமில்லை. நல்ல மனிதர், நிதானமானவர். கான்கிரீட் போட்டுக் குறிப்பில் சொன்ன நாள் ஆகிவிட்டது, பின்சுவர் இடுப்பு உயரம்தான் வந்திருக்கிறது, ஜன்னல் சட்டம் வராததால் நிற்கிறது, சென்ட்ரிங்கை இப்போது பிரிக்கலாமா என்று கேட்டார். அவருக்கு மனசில் ஏதோ உறுத்தியிருக்கிறது, பாருங்கள். சுவரைப் பற்றிய பேச்சை அவர்தான் எடுத்தார்.

“டிராயிங்ல என்ன போட்டிருக்கோ அது மாதிரி செய்யுங்க மேஸ்திரி” என்றேன். “அதுல இல்லாதத நான் வாயால சொல்லக் கூடாது.”

பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவர் டிராயிங்கை இன்னொரு தடவை படித்துவிட்டு அத்தானுக்குத் தகவல் சொல்லி நாள் குறித்தார்.

சென்ட்ரிங் பிரிக்கிற நாளில் அத்தானுக்கு ஒரு வழக்கம் உண்டு. நீட்டிக்கொண்டு நிற்கிற கூரைக்கு அடியில் முட்டுகளை உருவுவதென்றால் வேலையாட்களுக்கு உள்ளுக்குள் உதறும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். அதனால் அத்தான் நேரே போய் அதற்கு அடியில் நின்றுகொள்வார். பேன்ட் பையில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, 'ம், பிரிங்கப்பா' என்பார். கணக்குப் போட்டவனே அடியில் நிற்கிறான் என்றால் மற்றவர்களுக்குப் பயம் போய்விடும். கடைசி முட்டு வரும்வரை நகர மாட்டார். எந்த சைட்டிலும் இந்த வழக்கத்தை அவர் விட்டதில்லை.

அன்றைக்கும் நின்றார். முக்கால்வாசி முட்டுகளை எடுக்கும்வரை ஒன்றும் ஆகவில்லையாம். அவர் ஏதோ வேடிக்கையாகப் பேசி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாராம். பிறகு பின்பக்கத்தில் சுவர் லேசாகத் தூக்கியதை மேஸ்திரி பார்த்துக் கத்தியிருக்கிறார். அத்தான் ஓடவில்லை. முட்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்பி வேலைக்காரரைத் தள்ளிவிடப் போயிருக்கிறார். அந்தக் கம்பி வேலைக்காரரும் பிழைக்கவில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது, நீங்கள்தான் சொன்னீர்கள், மறந்துவிட்டது. அவருக்காக வருத்தப்படுகிறேன்.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை சார். இதை எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். கூரை கொஞ்சம் தொய்யும், ஒரு விரிசல் விடும், எல்லோரும் தள்ளி நின்று பார்ப்பார்கள், வேலை நின்றுபோகும். கணக்கு யாருடையது என்று பேச்சு கிளம்பும். அந்த அம்மா இந்தக் கூட்டே வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டுப் போவார். அத்தான் ஆபீசுக்கு வந்து என் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'தப்பு பண்ணிட்டேன் மாப்ள' என்பார். மறுபடியும் நாங்கள் இரண்டு பேர். இதைத்தான் நினைத்தேன். நினைக்கும்போது எனக்குக் கண்ணீர்கூட வந்தது.

நேற்று நீங்கள் எனக்கு ஒன்று செய்து காட்டினீர்கள். அந்தப் புதிய டைட்டில் பிளாக்கை எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே திறந்து, பங்குதாரர்கள் பெயர் இருக்கிற எழுத்தின் மேல் என்னையே கிளிக் செய்யச் சொன்னீர்கள். செய்தேன். எழுத்தைச் சுற்றிக் கட்டம் விழுந்தது. அந்தக் கட்டம் ஆபீஸ் சின்னத்துக்கு அடியில் வரை நீண்டது. சின்னத்தை நகர்த்தச் சொன்னீர்கள். அதன் வெள்ளைக்கு அடியில் மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. என் பெயர்தான். அந்த அம்மாவின் ஆபீஸ் எழுத்துரு எங்களிடம் இல்லை, அதனால் வரி மடங்கிக் கீழே போயிருக்கிறது. நான் சரி பண்ணத் திறந்து, தொட்டு, அதைக் கண்டுபிடித்து, எழுந்து ஓடிவர வேண்டும் என்று அத்தான் காத்திருந்தாராம். அதற்காகத்தான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்களாம். அக்காவும் அதையே சொன்னாளாம். நீங்கள் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் வேலை அது, நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் நான் இந்தத் தொழிலில் ஊறியவன். ஒரு வரியைப் பின்னால் சேர்ப்பது எவ்வளவு நேரம் ஆகும்? கோப்பின் தேதியைக் காட்டினீர்கள். தேதியை மாற்றுவது ஒரு பெரிய வித்தையா? அக்கா சொல்வதைக் கணக்கில் எடுக்க முடியாது, அவள் செத்தவரை விட்டுக்கொடுக்க மாட்டாள். அப்படியே உண்மையாக இருந்தாலும், ஒருத்தனுக்குச் செய்கிற மரியாதையை அவன் முகத்துக்கு நேரே சொல்லிச் செய்ய வேண்டாமா? இத்தனை வருஷம் கூட இருந்தவனிடம் என்ன கண்ணாமூச்சி விளையாட்டு? அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். அதை நினைத்தால் எனக்கு அவர் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது பெயருக்கு எழுத்தின் உயரம் மற்ற இரண்டுக்கும் சமமாகத்தான் இருந்தது. அதை மட்டும் அளந்து பார்த்தேன்.

கடைசியாக அக்கா விஷயம். அவள் எப்படி அன்றைக்கு சைட்டில் இல்லாமல் போனாள் என்று கேட்டீர்கள். பெரிய சைட் என்றால் அக்காவும் கூடப் போவாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவர் மட்டும் அடியில் போய் நின்றதைப் பார்த்துவிட்டு, 'நீங்க மட்டும் போனா நான் இங்க நின்னு என்ன பண்றது' என்று அவளும் போய்ப் பக்கத்தில் நின்றாள். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. இரண்டு பேரும் தோளோடு தோள் உரச நிற்பார்கள். வேலையாட்கள் கிண்டல் செய்வார்கள். நூலகத்துக்கும் அவள் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நான் காலையில் போன் செய்தேன். எனக்கு உடம்பெல்லாம் நெருப்பாகக் கொதிக்கிறது, எழுந்து நிற்க முடியவில்லை, டாக்டரிடம் கூட்டிப்போக ஆள் இல்லை என்றேன். அக்கா பதறிக்கொண்டு வந்தாள். சீட்டு வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

“சில்லுனு இருக்கேடா” என்றாள்.

இப்போதுதான் விட்டது என்றேன். புறப்படட்டுமா, போனால் பாதியாவது பார்க்கலாம் என்று எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இரு அக்கா, தலை சுற்றுகிறது என்றேன். அவள் போன் அடிக்கும்வரை அந்தக் கையை விடவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் போன பிறகு அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவளுக்காக நான் செய்தது அவளுக்கே புரியவில்லை.

நான் சொன்னதையெல்லாம் எழுதிவிட்டீர்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்று போடாதீர்கள் சார், அது ஒன்றுதான் நான் கேட்பது. அக்காவும் அடியில் போய் நின்றுவிடக் கூடாதே என்று காலையிலேயே எழுந்து யோசித்து, பொய் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். கொல்ல நினைக்கிறவன் இவ்வளவு பொறுப்பாக ஒரு உயிரைக் காப்பாற்றுவானா, நீங்களே சொல்லுங்கள்.